ஒரு தீவு, மூன்று தரவுகள்: எரிமலையை மேசையிலிருந்தே பின்தொடர்வது எப்படி?

எரிமலைக் கண்காணிப்பு என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது செயற்கைக்கோள் படத்தைத்தான். நான் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். முதலில் நிலநடுக்கப் பட்டியல், அடுத்து ரேடார், கடைசியில்தான் வண்ணப் படம். எரிமலையும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு, மேலே ஏறும்போது வழியில் உள்ள பாறை உடைகிறது. நிலநடுக்கமானி அதைக் கேட்கிறது. மாக்மாவுக்கு இடம் போதாமல் நிலம் உப்புகிறது. ரேடார் அதைப் பார்க்கிறது. லாவா வெளியே கொட்டிய பிறகுதான் கேமராவுக்கு வேலை வருகிறது.

பழகிக்கொள்ள லா பால்மாவை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்று. 2021 செப்டம்பர் 11-இல் அங்கே சிறு நடுக்கங்கள் கூட்டமாகத் தொடங்கின. 19-ஆம் தேதி பிற்பகலில் கும்ப்ரே வியேகா மலைத்தொடரின் மேற்குச் சரிவு பிளந்துகொண்டது. அந்த மாதக் கடைசியிலேயே லாவா கடலைத் தொட்டுவிட்டது. டிசம்பர் 13 வரை 85 நாட்கள் ஓயவில்லை. நடுக்கம், நிலம் உப்புவது, கரை மாறுவது என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிற பாடம் இது. தரவு எல்லாமே இலவசம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. விரிதாளில் வரைபடம் போடத் தெரிந்தால் போதும்.

படி 1: நடுக்கங்களை ஆழத்தோடு வரையுங்கள்

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் உலகப் பட்டியலைத் திறந்து, லா பால்மாவில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. உலகப் பட்டியலில் தொலைவான இடங்களின் சிறு நடுக்கங்கள் பெரும்பாலும் ஏறுவதில்லை. எரிமலைக்கு அடியில் நடப்பவையோ பெரும்பாலும் அந்தச் சிறுசுகள்தான். அதனால் உள்ளூர்ப் பட்டியலுக்குப் போக வேண்டும். இங்கே அது ஸ்பெயினின் தேசியப் புவியியல் நிறுவனம் தருவது. தேதியைச் செப்டம்பர் 10 முதல் 20 வரை வைத்து, தீவைச் சுற்றி ஒரு கட்டம் குறித்து, கோப்பைப் பதிவிறக்குங்கள்.

கிடைமட்ட அச்சில் நேரம், செங்குத்து அச்சில் ஆழம். செங்குத்து அச்சைத் தலைகீழாகத் திருப்ப மறக்காதீர்கள். பூஜ்யம் மேலே இருந்தால்தான் படம் பேசும். தொடக்க நாட்களில் 10 கி.மீ. அளவில் கிடக்கும் புள்ளிகள், நாள் போகப் போக மேலே ஏறி, 19-ஆம் தேதி நெருங்கும்போது தரைக்கு அருகில் வந்து நிற்கும். எனக்கு முதல்முறை அதைப் பார்த்தபோது கொஞ்சம் மயிர்க்கூச்செறிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். பட்டியலில் நேரம் எந்தக் கணக்கில் இருக்கிறது, உலகப் பொது நேரமா உள்ளூர் நேரமா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பல நடுக்கங்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே ஆழத்தில் வரிசைகட்டி நின்றால் நம்பாதீர்கள். ஆழத்தைக் கணிக்க முடியாதபோது உலகப் பட்டியல்களில் 10 கி.மீ. என்று நிலையாகப் போட்டுவிடும் வழக்கம் உண்டு.

ரிக்டர் என்று பேச்சுவழக்கில் சொல்லும் அளவில் ஒரு படி கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். ஆனால் எரிமலையில் பெரிய எண்ணைத் தேடி அலைவதைவிட, எண்ணிக்கையும் ஆழமும் எப்படி நகர்கின்றன என்று பார்ப்பதே பயன் தரும்.

படி 2: நிலம் எவ்வளவு உப்பியது?

சற்றுக் கடினமான, ஆனால் மிகச் சுவையான படி இது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் சுமார் 700 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கிறது. அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. ஒரே பாதையிலிருந்து வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால், நிலம் நகர்ந்த இடத்தில் திரும்பி வரும் அலையின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் நிலை, மாறியிருக்கும். அதை வண்ணப் பட்டைகளாக வரைந்ததுதான் இன்டர்ஃபெரோகிராம்.

அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் வெர்டெக்ஸ் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். தீவின் மேல் கட்டம் வரைந்து, சென்டினல்-1-இன் எஸ்எல்சி வகைப் படங்களை (அலையின் கட்டத்தையும் சேர்த்துப் பதிந்தவை) தேடுங்கள். செப்டம்பர் 11-க்கு முந்தைய ஒன்று, 19-க்கு முன்னால் கிடைக்கும் கடைசி ஒன்று. இரண்டும் ஒரே பாதை எண்ணில் இருக்க வேண்டும். அந்த இணையைத் தேர்ந்து இன்சார் (இன்டர்ஃபெரோகிராம் உருவாக்கும்) செயலாக்கத்துக்குக் கொடுத்தால், கணக்கீட்டை அவர்களுடைய கணினியே செய்துவிடும்.

படத்தைப் படிப்பது எளிது. அலை போய்த் திரும்புவதால் ஒரு முழு வண்ணச் சுற்று என்பது அலைநீளத்தில் பாதி, அதாவது 2.8 செ.மீ. அசையாத ஓரிடத்திலிருந்து மையம் நோக்கி எண்ணிக்கொண்டே போங்கள். நான்கு சுற்று என்றால் 11.2 செ.மீ. லா பால்மாவில் வெடிப்புக்கு முன்பே நிலம் 10 செ.மீ.க்கு மேல் உயர்ந்திருந்தது. ஆனால் ரேடார் சாய்வாகப் பார்க்கிறது. நீங்கள் எண்ணுவது செங்குத்து உயர்வை அல்ல, செயற்கைக்கோள் பார்க்கும் திசையிலான நகர்வை. வடக்கு நோக்கிப் போகும் பாதை, தெற்கு நோக்கி வரும் பாதை இரண்டிலும் செய்து பார்த்தால்தான் முழு உருவம் பிடிபடும்.

காடும் பனியும் உள்ள இடங்களில் எள்ளைத் தூவியதுபோல் புள்ளிமயமாக இருக்கும். அங்கே எண்ணாதீர்கள்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழகத் தொடங்கிய காலத்தில், வேறொரு மலையைச் சுற்றி அழகான இரண்டு வட்டங்கள் தெரிய, மலை உப்புகிறது என்று நண்பர்களிடம் அறிவித்தே விட்டேன். அடுத்த இணையில் வட்டங்களைக் காணோம். அவை காற்றிலிருந்த நீராவியின் வேலை. உயரத்துக்கு ஏற்ப ஈரப்பதம் மாறுவதால் மலையடியைச் சுற்றி அப்படிப் பட்டை விழும். 1990-களில் இத்தாலியின் எட்னா எரிமலையில் கண்ட பட்டைகளில் கணிசமான பங்கு இதுதான் என்று பிற்பாடு வாதிக்கப்பட்டது. அதைப் படித்த பிறகுதான் கொஞ்சம் ஆறுதல். குறைந்தது மூன்று இணைகள் ஒரே கதையைச் சொல்லாமல் வாயைத் திறப்பதில்லை என்பது இப்போது என் விதி.

படி 3: மேகம் மூடியிருந்தால்

ரேடாருக்கு மேகமும் இருட்டும் தடை இல்லை. 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து சுனாமி எழுந்தது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னறிவிக்கப் பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லை. மேகத்தை ஊடுருவி, சரிந்த மலையைச் சில மணி நேரத்துக்குள் காட்டியது சென்டினல்-1 ரேடார் படம்தான். 338 மீட்டர் உயர மலை, அடுத்தடுத்த வெடிப்புகளுக்குப் பிறகு 110 மீட்டராகக் குறுகியிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் இன்டர்ஃபெரோகிராம் தேவையில்லை. காப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படத் தளத்தில் சாதாரண ரேடார் படத்தை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தாலே போதும்.

படி 4: லாவாவும் புதிய கரையும்

அதே காப்பர்நிக்கஸ் பிரவுசரில் வண்ணப் படம் எடுக்கும் சென்டினல்-2-ஐத் தேர்ந்து, 2021 செப்டம்பர் 30-க்குப் போங்கள். இயல்பு வண்ணத்தில் புகைதான் அதிகம் தெரியும். பட்டைகளை (செயற்கைக்கோள் தனித்தனியாகப் பதியும் ஒளி அலைவரிசைகளை) 12, 11, 4 என்று மாற்றிப் போடுங்கள். சுடும் லாவா ஆரஞ்சு நிறத்தில் கொதித்துக்கொண்டு நிற்கும்.

கரையை அளக்க நீர்க் குறியீடு ஒன்று உண்டு. பச்சைப் பட்டையிலிருந்து அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது; அதாவது பட்டை 3-உம் பட்டை 8-உம். பூஜ்யத்துக்கு மேல் வந்தால் பெரும்பாலும் தண்ணீர், கீழே வந்தால் நிலம். ஒரு பிக்சல் 10 மீட்டர். அதற்குக் குறைவான மாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மணற்கரைகளில் இதே முறையைப் பயன்படுத்தும்போது ஓதத்தை (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தை) மறந்தால் கணக்கு கவிழும். 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் தட்டையான கரையில், ஓதம் 1 மீட்டர் ஏறினாலே நீர்க்கோடு 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். அது கடல் அரிப்பு அல்ல, அன்றைய நேரம் அவ்வளவுதான். அருகிலுள்ள ஓதமானியின் பதிவைப் பார்த்து, ஒரே நீர்மட்டத்தில் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். லா பால்மாவின் செங்குத்தான கரையில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே தொல்லை கொடுப்பது லாவா கடலைத் தொடும் இடத்தில் எழும் நீராவி. குறியீடு அதையும் நிலமாகச் சேர்த்துவிடலாம்.

சரிபார்க்க ஒரு வழி: செப்டம்பர் 30 படத்தில் கடலுக்குள் நீண்ட புதிய நிலத்தை அளவுக் கருவியால் சுற்றி வரைந்து பாருங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை அன்றைக்குச் சொன்ன பரப்பு சுமார் 20 ஹெக்டேர். உங்களுக்கு அதைப்போல இரு மடங்கு வந்தால், நீராவியையும் சேர்த்து வளைத்துவிட்டீர்கள். பட்டைகளை மாற்றிப் போட்டு இன்னொரு முறை வரையுங்கள்.