‘வயசானா அப்படித்தான்’: எலும்பு மெலிவில் நாம் செய்யும் தவறுகள்

பெரியம்மாவுக்கு 63 வயதில் மணிக்கட்டு முறிந்தது. வாசற்படியில் கால் இடறி, கையை ஊன்றி விழுந்தார். மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள், கை கூடிவிட்டது என்று நாங்களும் நிம்மதியாகிவிட்டோம். நின்ற இடத்திலேயே விழுந்ததற்கு எலும்பு ஏன் முறிய வேண்டும் என்று மருத்துவமனையிலும் யாரும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. நாலு வருடம் கழித்து, குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போது முதுகில் சுரீர் என்றது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தீப்பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோல் இருந்த முதுகெலும்புகளில் ஒன்று மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் நசுங்கியிருந்தது. அது பழைய முறிவாம். எப்போது ஆனது என்று பெரியம்மாவுக்கே தெரியவில்லை.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு முதல் முறிவை வெறும் விபத்து என்று எழுதிவிடுவதுதான். 50 வயதைத் தாண்டியவருக்கு, நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், அது எலும்பே கொடுக்கும் தகவல். அடுத்த முறிவுக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, அதுவும் முதல் ஓரிரு வருடங்களில்தான் அதிகம். கட்டுப் பிரிக்கும் அன்றே எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

இது எவ்வளவு பரவலானது? 50 வயதுக்கு மேல், உலக அளவில் மூன்று பெண்களில் ஒருவருக்கும் ஐந்து ஆண்களில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் எலும்பு மெலிவால் ஒரு முறிவாவது வரும் என்பது கணக்கு. அமெரிக்காவில் 2017–2018இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு எலும்புப்புரை, அதாவது முறியும் அளவுக்கு எலும்பு மெலிந்துபோன நிலை (ஆஸ்டியோபோரோசிஸ்), இருந்தது, பெண்களில் 19.6, ஆண்களில் 4.4. அதற்கு முந்தைய படியான அடர்த்திக் குறைவு 43.1 சதவீதம் பேருக்கு. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே ‘வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று விட்டுவிடுகிறோம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். ஆண்களுக்கு இது பெண்களைவிட அரிதாக வந்தாலும், இடுப்பு முறிந்தபின் இறப்பவர்களின் விகிதம் ஆண்களிடம்தான் அதிகம். ‘இது பொம்பளைங்க சமாச்சாரம்’ என்பது ஆண்களுக்கு ஆகாத நினைப்பு.

நம் மொழியிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. மூட்டு வலிக்கும் ‘தேய்மானம்’ என்கிறோம், எலும்பு மெலிவதற்கும் ‘தேய்மானம்’ என்கிறோம். மூட்டில் தேய்வது குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்புப்புரையில் எலும்பின் உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து ஓட்டை விழுகிறது. முறியும்வரை வலியே இருக்காது. முதுகெலும்பு முறிவுகளிலேயே மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமல் போய்விடுகின்றன. வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இதில் காத்திருக்க முடியாது. முன்பு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டவில்லை, இளமையில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. குறைந்திருக்கிறது, கூன் விழ ஆரம்பிக்கிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

‘ரத்தத்தில் கால்சியம் நார்மல்’ என்று ரிப்போர்ட்டைக் காட்டி நிம்மதியடைபவர்களும் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும். அதனால் உடல் எலும்பிலிருந்து எடுத்தாவது ரத்தத்தில் அளவைச் சரியாக வைத்திருக்கும். கஜானா காலியாவது அந்தச் சீட்டில் தெரியாது. சாதாரண எக்ஸ்ரேயிலும் எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் தெரியும். இதற்கென்று இருப்பது, இடுப்பிலும் கீழ் முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கும் கருவி சந்தேகத்தை எழுப்பலாம், முடிவு சொல்லாது.

டெக்ஸா ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும். இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டு வரும் எண் அது. -1 வரை சரி, -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, நடுவில் இருப்பது ஆஸ்டியோபீனியா, அதாவது முன்பு சொன்ன அடர்த்திக் குறைவு. நடுவில் இருப்பவர்கள் ‘நமக்கு இன்னும் வரலை’ என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். அவர்கள் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், முறிவுகளிலும் பாதிக்கு மேல் -2.5ஐத் தொடாதவர்களுக்குத்தான் நடக்கின்றன. வயது, பழைய முறிவு, அப்பா அம்மாவுக்கு இடுப்பு முறிந்த வரலாறு, மாதக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை, புகை, மது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் சிலருக்கு எலும்பு 20 சதவீதம் வரைகூடக் குறைந்துவிடும். அந்த வேகத்தைக் கால்சியம் மாத்திரை மட்டும் தடுத்து நிறுத்தாது. உணவையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் போதும். இஷ்டத்துக்கு மாத்திரையாக ஏற்றினால் சிறுநீரகக் கல்தான் மிச்சம்.

மருந்து எழுதிக் கொடுத்த பிறகும் தவறுகள் தொடர்கின்றன. ஒன்றும் தெரியவில்லையே என்று பாதியில் நிறுத்துவது சகஜம். எலும்பு கரைவதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகள் எலும்பிலேயே தங்கும், சில வருடங்களுக்குப் பிறகு டாக்டரே இடைவெளி விடச் சொல்லலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி அப்படியில்லை. அதைத் தள்ளிப்போட்டால் கட்டுப்பட்டிருந்த தேய்வு ஒரேயடியாகப் பாய்ந்து, பல முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும். அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். நிறுத்துவதென்றால் மாற்று மருந்து என்ன என்று கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

விழுந்துவிடுவோமோ என்று பயந்து நாற்காலியோடு ஒட்டிக்கொள்வதும் கெடுதல். தசை தளர்ந்தால் தடுமாற்றம் கூடும், சுமை படாத எலும்பு இன்னும் மெலியும். நடக்கலாம், தசைக்கு வலு தரும் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு செய்யலாம். முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள் முன்னால் குனிந்து தூக்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

பெரியம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு எலும்புக்கான மாத்திரையை விழுங்குகிறார். மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, உணவு மருந்தை உடலில் சேரவிடாது என்பதால் எதுவும் சாப்பிடவும் கூடாது. அந்த அரை மணி நேரமும் கூடத்தில் மெதுவாக நடந்தபடி, கடிகாரத்தையும் காபி டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.