பிரேக் பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டரில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

சிக்னலில் பிரேக்கை லேசாக மிதித்தபடி நிற்கிறீர்கள். கால் அழுத்தம் மாறவில்லை, ஆனால் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கிப் போகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் மேலே நிற்கும், பிறகு அதே கதை. பெடல் இறங்குவது என்றால் இதுதான். இந்த நிலையில் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் விஷயங்கள் மூன்று. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, அமுங்கிய இடத்தில் நின்றுவிட்டால் லைனில் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் மேலே வந்து அங்கேயே நின்றால், பின் டிரம்மில் ஷூ இடைவெளி கூடியிருக்கலாம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது பெடல் சற்று கீழே போவது கோளாறே இல்லை, மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள்.

பிரேக் ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது. பிடித்த பெடல் இறங்குகிறது என்றால் ஆயில் எங்கோ போகிறது: ஒன்று வெளியே கசிகிறது, இல்லையென்றால் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. எது என்று தெரியாமல், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக வாங்குவது சூதாட்டம்.

கசிவு தேடுதல்

பிரேக் ஆயில் டேங்கில் மட்டத்தை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களின் உட்பக்கம், ரப்பர் ஹோஸ்கள், இரும்பு பைப்கள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிரம்மைக் கழற்றி, ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை ஸ்க்ரூடிரைவர் முனையால் மெதுவாகத் தூக்குங்கள். உள்ளே ஆயில் தேங்கி வழிந்தால் அந்தச் சிலிண்டர் போய்விட்டது.

பலர் பார்க்காமல் விடும் இடம், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரில் வந்து சேரும் இணைப்பு. அதற்குக் கீழே பூஸ்டரின் பெயின்ட் கொப்பளித்தோ உரிந்தோ இருந்தால், பின் சீல் கசிகிறது. பூஸ்டருக்குள்ளேயே ஆயில் இறங்கினால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, டேங்கில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே வரும்.

காலால் சோதனை

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கல் மாதிரி ஆகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு லேசான அழுத்தத்தில் 30 விநாடி பிடித்திருங்கள். அடுத்து பலமாக மிதித்து இன்னொரு 30 விநாடி.

லேசாக மிதிப்பதுதான் முக்கியம். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் விளிம்பை ஆயில் அழுத்தமே சுவரோடு ஒட்ட வைக்கிறது. பலமாக மிதித்தால் தேய்ந்த விளிம்புகூட ஒட்டிக்கொள்ளும், லேசாக மிதிக்கும்போதுதான் ஆயில் அதைத் தாண்டி நழுவும். ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடுவது இதனால்தான்.

பெடல் இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை, மட்டமும் குறையவில்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல். ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அந்த யூனிட்டின் வால்வும் உள்ளுக்குள் கசியலாம். இரண்டையும் பிரித்தறிய, மாஸ்டர் சிலிண்டரின் பைப்களைக் கழற்றி, அதே மரையுள்ள உலோக பிளக்குகளால் துளைகளை அடைத்து, காற்றை எடுத்துவிட்டு மிதியுங்கள். அப்போதும் இறங்கினால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர்தான். அசையாமல் நின்றால் கோளாறு அதற்கு அப்பால்.

மாற்றும் வேலை

தேவையானவை: புது மாஸ்டர் சிலிண்டர், டேங்க் மூடியில் குறிப்பிட்ட ரகத்தில் சீல் பிரிக்காத 1 லிட்டர் ஆயில், பைப் நட்டுக்கான ஃபிளேர் ஸ்பேனர் (பல கார்களில் 10 மி.மீ.), சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் இறுக்கமாக நுழையும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப், பாட்டில், சிரிஞ்ச், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் பாதி பாட்டில் பழைய ஆயில் வேண்டாம். டாட் 5 சிலிகோன் ரகம், இவற்றோடு சேராது. ரிப்பேர் கிட் மலிவுதான், ஆனால் சிலிண்டர் சுவரில் குழி விழுந்திருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். முதல்முறை செய்பவர்கள் முழு சிலிண்டராகவே மாற்றுவது நல்லது.

டேங்கில் உள்ள ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பைப் நட்டுகளை ஃபிளேர் ஸ்பேனரால் கழற்றுங்கள், சாதாரண ஸ்பேனரால் திருகினால் மழுங்கிவிடும். பிறகு பூஸ்டரில் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி சிலிண்டரை நேராக இழுங்கள்.

புதியதை மாட்டும் முன் வைஸில் கிடைமட்டமாகப் பிடித்து ஆயில் நிரப்புங்கள். இரண்டு துளையிலிருந்தும் டியூப் போட்டு, முனைகளை டேங்க் ஆயிலுக்குள் மூழ்க வையுங்கள். மழுங்கிய கம்பியால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளி, மெதுவாகவே விடுங்கள். கடுகளவு குமிழிகூட வராமல் நிற்கும்வரை தொடருங்கள். இதைத் தவிர்த்தால் பிறகு சக்கரங்களில் எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும்.

பூஸ்டரில் பொருத்தும்போது பைப் நட்டுகளை முதலில் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டு, பிறகு சிலிண்டர் நட்டுகளை இறுக்குங்கள். சிலிண்டர் ஆடும் நிலையில் இருந்தால்தான் பைப் நேராக உட்காரும், அலுமினிய மரை நாசமாகாது.

ஏர் எடுத்தல்

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்கலாம். டேங்க் ஒருபோதும் காலியாகக் கூடாது. சில ஏபிஎஸ் வண்டிகளில் ஸ்கேனர் மாட்டினால்தான் யூனிட்டுக்குள் மாட்டிய காற்று வெளியேறும்.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் வெறும் ஏர் மட்டும் எடுப்பவர்கள் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய சிலிண்டரில் கப் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அதில் உரசிக் கிழியும். நன்றாக இருந்த பெடல் ஏர் எடுத்த பிறகு இறங்கத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

எல்லாம் முடிந்ததும் இன்ஜின் ஓட, லேசான மிதியில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் சற்று இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். காலி இடத்தில் மெதுவாக ஓட்டி, நிறுத்தியதும் சக்கரங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடித்து, வண்டி தள்ளவும் கனமாக இருந்தால் பூஸ்டரின் தள்ளுகம்பி நீளமாக நிற்கிறது. பிஸ்டன் முழுதாகப் பின்வராமல், ஆயில் டேங்குக்குத் திரும்பும் சிறு துளையை மறைத்துக்கொண்டிருக்கிறது. கம்பி அளவைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.