தட்டு கிடைத்தால் லேபிளையும் காட்டுங்கள்

மதுரைப் பக்கம் பழைய இசைத்தட்டு தேட ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது எங்கே கிடைக்கும் என்றுதான். சொல்கிறேன். ஆனால் எதைப் பார்த்து எடுப்பது என்று தெரியாமல் போனால் அட்டையில் இருக்கும் படத்துக்குக் காசு கொடுத்துவிட்டுத் தேய்ந்த தட்டோடு வீடு திரும்புவோம். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திலகர் திடல் ஞாயிறு சந்தையில் ஆரம்பிக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள், ஏனென்றால் தரையில் விரித்துப்போட்ட வினைல் தட்டு நம்ம ஊர் வெயிலில் சீக்கிரமே வளைந்துவிடும், பத்து மணிக்கு மேல் எடுத்துப் பார்ப்பதில் பலனில்லை. பழைய பேப்பர், பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள், தட்டு வந்தால் உடைப்பதற்கு முன் கூப்பிடச் சொல்லுங்கள். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர் பக்கம் போனால் அந்தக் காலத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர்களின் வீட்டை விசாரியுங்கள். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி என்று குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட குடும்பங்கள் அவை. "ஐயா, பழைய பிளேட்டு ஏதாவது பரண்ல கெடக்கா?" என்று கேட்டாலே போதும், பெரியவர் முகம் மலர்ந்துவிடும்.

அந்த வீடுகளில் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள், இது என் வேண்டுகோள். அவர்கள் கொடுப்பது அப்பாவின் தொழிலை. முடிந்தால் அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து அவர்கள் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான்களை விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. காரைக்குடிக்காரரான ஏவி.மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் கூட்டாளிகளோடு ஓடியன் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். அதனால் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில், அதாவது லேபிளில், ஓடியன் என்று போட்ட 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) கண்ணில் பட்டால் பாட்டு தெரியாவிட்டாலும் கையில் எடுத்துப் பாருங்கள். கிராமபோன் மட்டும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பளபளக்கும் புதுப் பித்தளைக் குழலை ஏதோ ஒரு பெட்டியில் பொருத்தி, மேலே எச்எம்வி கம்பெனியின் நாய்ப் படம் ஒட்டி, பழசு என்று விற்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

இனி தட்டைப் பார்ப்பது. முதலில் அட்டைக்குள் இருப்பது அந்த அட்டைக்குரிய தட்டுதானா என்று பாருங்கள், பல கை மாறி வந்தவற்றில் இது அடிக்கடி மாறிக் கிடக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கறுத்துப் பளபளத்தால் நல்லது. வரிகள், அதாவது முள் ஓடும் பள்ளங்கள், சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் கனமான முள்ளில் ஓடித் தேய்ந்தது, அதை எந்தக் கழுவலும் மீட்காது. கீறல் இருந்தால் நகத்தை லேசாக ஓட்டுங்கள், நகம் தடுக்கினால் பாட்டிலும் 'டிக் டிக்' என்று கேட்கும். கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். 78 என்றால் விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் மயிரிழை விரிசலைத் தேடுங்கள். அது அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் சிதறிவிடும். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பாட்டு, நீளமான பாட்டென்றால் பாதியில் திருப்பிப் போட வேண்டும். எல்பி பெரிய தட்டு, 33⅓-இல் ஓடுவது, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் போல வரும். 7 அங்குலச் சின்னத் தட்டு எல்லாமே 45 என்று நினைத்துவிடாதீர்கள், 33⅓-இல் ஓடுவதும் உண்டு, லேபிளைப் படித்துவிட்டு வேகத்தை வையுங்கள்.

ரேடியோ செட் கடைத் தட்டுகளில் தேய்மானம் அதிகம்தான். ஆனால் லேபிளில் கடையின் ரப்பர் ஸ்டாம்பு, பேனாவில் எழுதிய வரிசை எண், ஊர்ப் பெயர் எல்லாம் இருக்கும். தயவுசெய்து அதை அழிக்காதீர்கள். எந்த ஊர்த் திருவிழாவில் எந்தப் பாட்டு ஓடியது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. என்னைக் கேட்டால் சுத்தமான அட்டையோடு வரும் தட்டைவிட ஸ்டாம்பு குத்திய தட்டுதான் பெரிய கண்டெடுப்பு.

கழுவுவதற்கு போர் தண்ணீர் வேண்டாம், உப்பு வரிக்குள் படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி, ஒரு சொட்டு மென்மையான திரவ சோப்பு கலந்து, மெல்லிய துணியால் வரி ஓடும் வாக்கிலேயே துடைத்து, அப்புறம் வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் ஒருமுறை துடைத்து, லேபிள் நனையாமல் பார்த்துக்கொண்டு நிழலில் காய வையுங்கள். 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அடுக்கும்போது நெட்டுக்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்று போடாமல். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் பரண் சித்திரை மாதத்தில் அடுப்புதான், அங்கே வைக்காதீர்கள். சுவரை ஒட்டியும் வேண்டாம், அட்டை என்றால் கரையானுக்கு உயிர்.

முள் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 78-க்கான முள் எல்பி முள்ளைவிட மூன்று மடங்குக்கும் மேல் அகலம், ஒன்றை வைத்து இன்னொன்றைப் போட்டால் சத்தமும் சரியாக வராது, தட்டும் கெடும். கிராமபோனில் எல்பியை ஒருமுறை ஓட்டினாலே போதும், அந்தத் தட்டு போச்சு. எச்எம்வி ஃபியெஸ்டா மாதிரி சின்ன ரெக்கார்டு பிளேயர் பெட்டிகள் தட்டு ஓடுகிறதா என்று பார்க்க உதவும், ஆனால் நல்ல தட்டுகளைத் தினமும் அதில் போட வேண்டாம், முள் அழுத்தம் அதிகம்.

சரி, கிடைத்ததை நண்பர்களுக்குக் காட்டுவதற்கு வருவோம், எனக்கு முக்கியமான பகுதி இதுதான். பெரும்பாலானவர்கள் அட்டையைப் படம் எடுத்து 'இன்றைய வேட்டை' என்று அனுப்பிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பத்து பேர் கைதட்டுவார்கள், அடுத்த நாள் மறந்துவிடும். இரண்டு பக்க லேபிளையும் நேர் மேலேயிருந்து, எழுத்து படிக்கிற மாதிரி எடுத்து அனுப்புங்கள். கம்பெனி பெயர், தட்டின் எண், வேகம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், அப்புறம் லேபிளைச் சுற்றியுள்ள வெற்று இடத்தில் பொறித்திருக்கும் எண், ஸ்டாம்பு இருந்தால் அது, எங்கே கிடைத்தது, என்ன விலை, நிலைமை எப்படி, எல்லாவற்றையும் எழுதுங்கள். கீறலை மறைக்காதீர்கள். விலையையும் மறைக்காதீர்கள், புதிதாக வருகிறவர்கள் ஏமாறாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

இவ்வளவும் எதற்கு என்றால், பழைய படப் பாட்டுகளில் தட்டில் இருக்கும் பாட்டும் படத்தில் வரும் பாட்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. சரணம் குறையும், நீளம் மாறும், படத்தில் வெட்டப்பட்ட பாட்டு தட்டில் மட்டும் தங்கியிருக்கும். கேட்டுவிட்டு அந்த வித்தியாசத்தை ஒரு வரி எழுதினால் அது உண்மையான தகவல். கதை வசனத் தட்டுகளையும் ஒதுக்காதீர்கள். 1965-இல் வந்த திருவிளையாடல் வசனத்தைக் குழாயில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அந்தத் தட்டைப் போட்டுவிட்டு அவர்களைப் பேசவிடுங்கள். பத்து வயதிலேயே தட்டில் பாடிவிட்ட எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.எம்.சௌந்தரராஜன், மதுரை மணி ஐயர், மதுரை சோமு, நாகஸ்வரத்தில் சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் என்று நம் ஊர்க்காரர்களின் தட்டுகளை மட்டும் வைத்தே ஒரு நல்ல சேகரிப்பு உண்டாக்கலாம்.

மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று தட்டு, கொண்டுவந்தவரே போட வேண்டும், பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது, முடிந்ததும் லேபிளைக் கைமாற்றிப் பார்க்கலாம். தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவரைக் கண்டிப்பாக அழையுங்கள். எந்தத் தியேட்டர், எந்தக் கச்சேரி, யார் வீட்டுக் கல்யாணம் என்று அவர் சொல்வதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பாட்டைப் பதிவு செய்து பொதுவில் ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனி, அது அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டு ஓடும். பழைய தட்டுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற வேண்டாம். லேபிள் படமும் தகவலும் போட்டு, பாட்டை நண்பர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

இரட்டையாக இருப்பதை மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம். எல்பியை அனுப்பும்போது தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனி உறையில் வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் குலுங்கி அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். 78-ஐக் கூரியரில் போடாதீர்கள். யாராவது சென்னை, திருச்சி போகிறவர் இருந்தால் இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் வைத்து, துண்டில் சுற்றி, கைப்பையில் கொடுத்து அனுப்புங்கள்.