வெங்காயத் தோலில் பொன்னிற நூல்: கம்பளியை நூற்று, சாயமேற்றி, பின்னும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாணச் சமையல் நடக்கும் வீட்டில் முதல் நாளே சொல்லி வைத்தால், உரித்த வெங்காயத் தோல் ஒரு பெரிய பை நிறையக் கிடைக்கும். அதோடு சீவிச் சுத்தம் செய்த கம்பளி இழை 100 கிராம், ஒரு தக்ளி (கையால் சுழற்றி நூல் நூற்கும் கதிர்), சாயம் நூலில் பிடிக்கப் படிகாரம், 4 மி.மீ. பின்னல் ஊசிகள் இரண்டு ஆகியவை முதல் சோதனைக்குப் போதும். இழையை அஞ்சலில் வரவழைத்துக்கொள்ளலாம். படிகாரத்தை மளிகைக் கடையில் ‘தாவாஸ்’ என்று மலாயில் கேட்டு வாங்கலாம்.

இழையை விரல் தடிமனில் நீளவாக்கில் பிரித்து, தக்ளியில் கட்டிய ஒரு முழ நூலின் நுனியோடு சேர்த்து, தக்ளியை வலஞ்சுழியாகச் சுழற்றிவிட வேண்டும். மேல் கை இழையைப் பிடித்திருக்க, கீழ்க் கை விரல்கள் முறுக்கு மேலே ஏறாதபடி நூலைக் கிள்ளிப் பிடிக்கின்றன. இழையை மெல்ல இழுத்து மெலிதாக்கிய பிறகே விரலைத் தளர்த்தி முறுக்கை ஏற விட வேண்டும். இழுத்தும் இழை நகரவில்லை என்றால் கைகள் மிக நெருங்கியிருக்கின்றன என்று பொருள். ஒரே மயிரின் இரு முனைகளையும் இரு கைகளும் பிடித்துக்கொண்டிருந்தால் அது எப்படி நகரும்? இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் இழை வழுக்கிக்கொண்டு வரும். இப்படி நூற்ற இரண்டு இழைகளைச் சேர்த்து இடஞ்சுழியாக முறுக்கினால் நூல் உறுதிப்படும். பிறகு நூலைச் சிட்டமாக, அதாவது ஒரு பெரிய வளையமாக, சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளைப் பட்டை விழுந்துவிடும்.

சாயத்திற்கெனத் தனி எவர்சில்வர் பானை வேண்டும். அதில் மறுபடி சமைக்கக் கூடாது. இரும்புக் குவாலி (வாணலி) ஆகாது. இரும்பு பட்டால் பொன்னிறம் கறுத்துப் பாசி நிறமாகிவிடும். ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் வீட்டில் மிச்சமிருந்தாலும் இந்த வேலைக்கு அதைத் தொட வேண்டாம், அது தோலைப் புண்ணாக்கும். வெங்காயச் சாயத்திற்கு அமிலமே தேவையில்லை.

காய்ந்த நூலை எடை போட்டு, 100 கிராமுக்கு 12 கிராம் படிகாரம் என்ற கணக்கில் வெந்நீரில் கரைத்து, நூல் தாராளமாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து ஆற விட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஊறிய சிட்டத்தை அதில் இட்டு, மெல்லச் சூடேற்றி, கொதிக்க விடாமல் சுமார் 80 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, பானையிலேயே ஆற விட வேண்டும். நூலின் எடைக்குச் சமமான வெங்காயத் தோலைத் தனியாக ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தச் சாறும் ஆறியபின் சிட்டத்தை இட்டு, அதே சூட்டில் மேலும் ஒரு மணி நேரம் வைத்து, இரவு முழுவதும் ஊற விடலாம். காலையில் தூக்கிப் பார்க்கும்போது நூல் பழுத்த பலாச்சுளையின் நிறத்தில் இருக்கும்.

இதில் அவசரம் கூடவே கூடாது. நான் ஒருமுறை சுடச்சுட எடுத்த சிட்டத்தைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக் கசக்கியதில், மூன்று வாரம் நூற்ற நூல் முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு போயிற்று. அந்தக் கட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். சூட்டில் ஏற்படும் திடீர் மாற்றமும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி திரளும், திரண்டதைப் பிரிக்க வழியில்லை.

மஞ்சள் தூளில் படிகாரமின்றியே நிறம் பளிச்சென்று பிடிக்கும், ஆனால் வெயிலில் விரைவில் வெளிறும். சங்குப்பூவின் நீலமும் நிலைப்பதில்லை.

அலசிய நூலைப் பிழியாமல் துவாலையில் சுற்றி அழுத்தி, நிழலில் தொங்கவிட வேண்டும். பிற்பகல் மழைக்காலத்தில் மின்விசிறிக்கு அடியில் போட்டு, சிட்டத்தை அவ்வப்போது திருப்பிவிடாவிட்டால் பூசண வாடை வந்துவிடும்.

இந்த நூலில் தொப்பி பின்னுமுன் 24 கண்ணிகளில் (ஊசியில் ஏற்றும் நூல் வளையங்களில்) ஒரு சிறு துண்டு பின்னி, கழுவி, உலர்த்தி, அதன் பிறகே அளக்க வேண்டும். கையால் நூற்ற நூல் நீர் பட்டதும் சற்றே உப்பும். 10 செ.மீ. அகலத்தில் 18 கண்ணி இருந்தால், 50 செ.மீ. சுற்றளவுக்கு 90 கண்ணி ஏற்ற வேண்டும். இரண்டு சிட்டங்களின் நிறம் சிறிது வேறுபட்டால், இரண்டு வரிசைக்கு ஒருமுறை நூலை மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.