விக்டோரியா கால லண்டன் தொழில்கள்: எழுத வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் மூன்று புதியவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தேன். மூன்றிலும் என் பழைய தவறுகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. எழுத்துப்பிழை, ஆண்டுக் குழப்பமெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், விடுங்கள்.

பெயரை நம்புவது

'ப்யூர் ஃபைண்டர்' என்பதை ஒருவர் 'தூய்மையைத் தேடியவர்' என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருடம் முன்பு நானும் அதையேதான் எழுதினேன். அச்சாகி வந்த 500 பிரதிகளிலும் உட்கார்ந்து திருத்தச் சீட்டு ஒட்டினோம், செலவு என் தலையில்.

'ப்யூர்' என்றால் நாய்ப் பீ. தெருத்தெருவாகப் பொறுக்கி, மூடிபோட்ட கூடையில் சேர்த்து, லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் தோல் பதனிடுபவர்களுக்கு வாளிக் கணக்கில் விற்றார்கள். முடி நீங்கச் சுண்ணாம்பில் ஊறிய தோல் விறைத்துக் கிடக்கும். இதைக் கரைத்து அதில் போட்டால் சுண்ணாம்பு விட்டு, மெத்தென்று ஆகிவிடும். தோலைச் சுத்தம் செய்ததால் அந்தப் பெயர். கையுறைக்கும் புத்தக அட்டைக்கும் போன மெல்லிய தோல் இப்படித்தான் பதமானது. 1850 வாக்கில் இவர்களிடம் பேசி எழுதிய பத்திரிகையாளர் ஹென்றி மேஹியூ, வாளிக்கு 8 முதல் 10 பென்ஸ் என்கிறார். காய்ந்து வெளுத்த சரக்குக்கு அதற்கும் மேல். அப்புறம் என்ன, அப்படி வெளுத்துத் தெரியப் பழைய சுவர்க் காரையைச் சுரண்டிக் கலந்தார்கள்! கையுறை இருந்தும் பலர் போடவில்லை. அதைக் கழுவுவதைவிடக் கையைக் கழுவுவது சுலபமாம். 'தூய்மை' என்று எழுதினால் இதில் ஒன்றாவது தெரியுமா? பெயரை விட்டுவிட்டு, சரக்கை யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று முதலில் பாருங்கள்.

டஸ்ட்மேன்

தூசி தட்டுபவர் அல்ல. வீட்டு நிலக்கரிச் சாம்பலை அள்ளிப் போனவர். சலித்ததைச் செங்கல் அறுப்பவர்கள் வாங்கினார்கள்.

மட்லார்க், டோஷர்

இருவரும் விற்கத்தக்கதைப் பொறுக்கியவர்கள். முன்னவர் தேம்ஸ் கரைச் சேற்றில், பின்னவர் சாக்கடைக்குள். வேறு வேறு ஆட்கள்.

படம்

குழாயில் பட்டாணி ஊதி ஜன்னலில் அடித்து ஆட்களை வேலைக்கு எழுப்பும் பெண்ணின் படத்தை விக்டோரியா காலம் என்று போடாதீர்கள். அது 1930 வாக்கில் எடுத்தது. விக்டோரியா அரசி இறந்தது 1901இல்.

'சட்டம் வந்தது, தொழில் ஒழிந்தது'

இப்படி எழுதிவிடாதீர்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சுத்தம் செய்யப் புகைபோக்கிக்குள் ஏற்றக் கூடாது என்று 1840இலேயே சட்டம் வந்துவிட்டது. 1864இல் இன்னொன்று. அப்படியும் தொழில் நிற்கவில்லை. ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜ் அருகே புகைபோக்கியில் சிக்கி இறந்தது 1875இல்.