வெளிறும் முன் ஸ்கேன் செய்யுங்கள்

பெட்ரோல் பங்கிலும் எடைமேடையிலும் தரும் வழவழப்பான சீட்டு மையில் அச்சானதல்ல. சூட்டில் கறுக்கும் தெர்மல் காகிதம். வெயில் படும் இடத்தில் கிடந்தால் சில மாதங்களிலேயே வெள்ளைத் தாளாகிவிடும். ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காப்பாற்றச் சொல்கிறது. எனவே இந்தச் சீட்டுகளைக் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தாராளம். அதற்கு மேல் போனால் கோப்புதான் பெருக்கும்.

கணினியிலேயே தயாரிக்கும் பில்களை பிடிஎஃப்-ஏ வடிவில் (நெடுங்காலம் காப்பதற்கான பிடிஎஃப் வகை) சேமியுங்கள். எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால், பல ஆண்டுகள் கழித்து வேறு கணினியில் திறந்தாலும் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக உடையாது.

கோப்புப் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: ‘2025-04-17 எடைச்சீட்டு’. தேதி வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும். ‘ஸ்கேன்0047’ என்றே விட்டுவைத்தால், ஆடிட்டர் கேட்கும் நாளில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

ஒரு பிரதி ஹார்டு டிஸ்கில், கடைக்கு வெளியே இருக்கட்டும். கணினியும் டிஸ்கும் ஒரே மேஜையில் இருந்தால் மழைவெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

கிரயப் பத்திரம், பிராமிசரி நோட்டு ஆகியவற்றை ஸ்கேன் செய்தாலும் அசலைக் கிழித்துவிடாதீர்கள்.