பாறையில் நீர் ஊற்றிப் பாருங்கள்: புவித்தட்டுப் பாடத்திற்கு ஓர் எளிய வழி

புவியின் மேற்பகுதியாக அமைந்து மெல்ல நகரும் பெரும் பாறைத் தட்டுகளான புவித்தட்டுகளின் நகர்வைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட விரும்பும் பெற்றோர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின் ஏதேனும் ஒரு கரட்டுக்கு அவர்களை அழைத்துச் சென்று, பாறையின் மீது சிறிது தண்ணீர் ஊற்றிக் காட்டலாம். கல்குவாரிக்குள் மட்டும் செல்ல வேண்டாம். ஈரம் பட்டதும், குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த வெளிறிய பட்டைகளும், பயோடைட் போன்ற கனிமங்களாலான கரிய பட்டைகளும் மாறி மாறி ஓடுவது பல இடங்களில் தெளிவாகத் தெரியும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், புவி மேலோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ் பாறை இது. பட்டைகள் வளைந்து மடிந்திருக்கும் இடத்தில் பிள்ளையின் விரலை வைத்து அந்த வளைவைத் தொடரச் சொல்லுங்கள். திடப்பாறையும் வளையும் என்பதை எந்தப் படமும் இவ்வளவு நன்றாக விளக்காது.

அப்பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கரிய டோலரைட் பாறை நீண்டு கிடந்தால் அதையும் காட்டுங்கள். மேலோடு விரிந்து பிளந்தபோது உருகிய பாறைக்குழம்பு புகுந்து உறைந்த தடம் அது.

நாம் நிற்கும் இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது யுரேசியத் தட்டுடன் மோதத் தொடங்கியதன் விளைவே இமயமலை. பிள்ளையின் வயதை 5ஆல் பெருக்கி, அத்தனை செ.மீ. நீளத்திற்குப் பாறையிலேயே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அந்தப் பிள்ளை பிறந்த பிறகு இந்தத் தட்டோடு சேர்ந்து நம் ஊர் நகர்ந்திருக்கும் தொலைவு ஏறக்குறைய அவ்வளவுதான்.